கணக்குக் கேட்ட அம்மையார்

லிவர்பூல் என்றதும் நம் வாசகர்களுக்கு அப்துல்லாஹ் குவில்லியம் நினைவுக்கு வருவார். 1889ஆம் ஆண்டு அந்நகரின் பிரௌகம் டெரஸில் அவர் திறந்துவைத்த பள்ளிவாசலைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அதே நகரின் தென்புறத்தில், கப்பல்துறைகளை அடுத்து, டாக்ஸ்டெத் என்றொரு பகுதி இருப்பதை அறிந்தவர் நம்மிடையே சிலரே. கப்பல்களில் கரியள்ளிப் போடவும் மூட்டை சுமக்கவும் வந்து, அங்கேயே மணம் முடித்துத் தங்கிவிட்ட மேற்கு ஆப்பிரிக்கர், கரீபியத் தீவினர், சோமாலியர், யமன் நாட்டவர் ஆகியோரின் சந்ததியார் பலர் வாழும் இடம் அது. அங்கே ஹாதர்லி வீதியில் அர்ரஹ்மா பள்ளிவாசல் இருக்கிறது. அப்பகுதியின் கிரான்பி வட்டத்தில் நின்று வென்று, மாவட்டக் காவல்துறையை மேற்பார்வையிடும் குழுவுக்கே தலைவரான ஒரு மூதாட்டியின் கதையை இங்கே சொல்லப் புகுகிறேன். மார்கரெட் சைமி என்பது அவர் பெயர்.

அம்மையார் 1906ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்று 1928இல் பட்டம் பெற்றார். அங்கே அத்துறையில் பட்டம் பெற்ற முதற்பெண் அவரே. மகளிர் வாக்குரிமைக்குப் பாடுபட்ட எலினோர் ராத்போன் அம்மையாரின் வழியை மேற்கொண்டவர். அவருடைய கணவர் தாமஸ் சைமி அப்பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கி, 1965இல் பிரபுப் பட்டம் பெற்றவர். அம்மையார் 1951இல் ஒரு நூல் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிவர்பூல் செல்வர்கள் ஏழைகளுக்குச் செய்த தரும காரியங்களின் வரலாறு அது. கொடுப்பவரின் சரித்திரத்தை இவ்வளவு ஆழமாகக் கற்றவர், தம் வாழ்வின் பிற்பகுதியை வாங்குபவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு என்று வாதாடுவதில் செலவழித்தார். 1963இல் தொழிற்கட்சியின் சார்பில் கிரான்பி வட்டத்து நகர்மன்ற உறுப்பினரானார். 1974இல் மெர்சிசைடு என்ற புதிய மாவட்டம் உருவானபோது அதன் மாவட்ட மன்றத்திலும் இடம்பெற்றார்.

இனி, இங்கிலாந்தின் காவல் அமைப்பைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அதை அறியாமல் அம்மையாரின் போராட்டம் விளங்காது. 1835ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் ஒவ்வொரு நகரிலும் ‘கண்காணிப்புக் குழு’ ஒன்றை ஏற்படுத்தியது. நகர்மன்ற உறுப்பினர்களால் ஆன அக்குழுவே காவலரை நியமித்தது, தண்டித்தது, வேலையை விட்டும் நீக்கியது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தம் ஊர்க் காவலைத் தம் நகர்மன்றத்தின்கீழ் வைத்துக்கொண்ட அதே ஆங்கிலேயர்கள், 1859இல் சென்னை மாகாணத்திற்கும் 1861இல் இந்தியா முழுமைக்கும் காவல் சட்டம் இயற்றியபோது அந்த ஏற்பாட்டைக் கப்பலேற்றிக் கொண்டுவரவில்லை. நமக்கு வாய்த்தது மேலிருந்து கீழே ஆணை பாயும் காவல். ஊர் மக்களின் பிரதிநிதி காவலரைக் கேள்வி கேட்கலாம் என்ற எண்ணத்திற்கே அதில் இடம் வைக்கப்படவில்லை.

அவர்கள் நாட்டிலும் அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. 1959இல் நாட்டிங்ஹாம் நகரில் ஒரு வழக்கு எழுந்தது. நகர்மன்ற உறுப்பினர் சிலர்மீதே லஞ்சப் புகார் விசாரணையைத் தொடங்கினார் அந்நகரின் சீஃப் கான்ஸ்டபிள் பாப்கெஸ். (நம் நாட்டில் கான்ஸ்டபிள் என்பவர் கடைசிப் படியில் நிற்பவர், அங்கே சீஃப் கான்ஸ்டபிள் என்பவர் ஒரு மாவட்டக் காவலுக்கே தலைவர்.) விசாரணையின் விவரத்தைத் தங்களிடம் கூறவேண்டும் என்றது குழு. அவர் மறுக்கவே, பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தது. உள்துறை அமைச்சர் தலையிட்டு அவரைத் திரும்ப அமர்த்தினார். அதிகாரி பக்கமே நியாயம் இருந்தது என்பது என் கருத்து. திருடனே காவலனிடம் கணக்குக் கேட்பதற்கு ஒப்பானது அது. ஆயினும் ஒரு நகரத்தின் கோளாறு நாடு முழுவதற்கும் சட்டமாயிற்று. 1960இல் அரசு ஓர் ஆணைக்குழு அமைத்தது. 1964இல் புதிய காவல் சட்டம் வந்தது.

அச்சட்டம் அதிகாரத்தை மூன்று கூறாக்கிற்று. காவலை நடத்துவது சீஃப் கான்ஸ்டபிளின் பொறுப்பு. போதுமான, திறமையான காவற்படையை வைத்திருப்பது காவல் குழுவின் பொறுப்பு. இருவருக்கும் மேலே உள்துறை அமைச்சர். குழுவில் மூன்றில் இரு பங்கினர் மாவட்ட மன்ற உறுப்பினர். ஒரு பங்கினர் மாஜிஸ்திரேட்டுகள். செலவில் பாதியை அரசு தரும். மீதிக்கு உள்ளூரில் வழிதேட வேண்டும். குழு ஓர் அறிக்கை கேட்கலாம். ஆனால் அதைத் தருவது பொதுநலனுக்கு ஏற்றதன்று என்றோ, குழுவின் வேலைக்கு அது தேவையில்லை என்றோ சீஃப் கான்ஸ்டபிள் கருதினால், விஷயம் உள்துறை அமைச்சரிடம் போகும். அவர் சொல்வதே முடிவு. இவ்வாறு பணம் கொடுப்பவர் ஒருவர், பதில் சொல்ல வேண்டாதவர் மற்றொருவர் என்றாயிற்று. நாளடைவில் பல ஊர்களில் காவல் குழு என்பது கட்டடம், வண்டி, சீருடை ஆகியவற்றின் செலவுக்குக் கையொப்பமிடும் சபையாகிவிட்டது. உறுப்பினர்களும் அதில் குறை காணவில்லை.

அந்த உறக்கம் மெர்சிசைடில் கலைந்தது 1979இல். அவ்வாண்டு ஜூன் மாதம், ஹைட்டன் என்னும் இடத்தில் ஜிம்மி கெல்லி என்ற 53 வயதுத் தொழிலாளி, வேலையற்றிருந்தவர், கைது செய்யப்பட்டுக் காவலில் இறந்துபோனார். அவர் எவ்வாறு இறந்தார் என்று ஊரே கேட்டது. காவல் குழுவிலும் கேள்வி எழுந்தது. சீஃப் கான்ஸ்டபிளாக இருந்தவர் கென்னத் ஆக்ஸ்ஃபோர்டு. 1976 முதல் 1989 வரை அப்பதவி வகித்தவர். திறமைசாலி, கண்டிப்பானவர், தம் பணியில் பிறர் தலையிடுவதைப் பொறாதவர். குழு விரும்பிய விளக்கம் அவரிடமிருந்து எளிதில் வரவில்லை. மரண விசாரணை நடுவர் மன்றம் பின்னர் அதைத் தற்செயல் மரணம் என முடிவு செய்தது. கெல்லியின் குடும்பத்தார்க்கு அதனால் ஆறுதல் கிட்டவில்லை. குழுவின் பழைய உறுப்பினர் சிலரோ, இத்தனை ஆண்டுகளாக நாம் எதற்காகக் கூடிக் கூடிக் கலைந்தோம் என்று முதன்முறையாகத் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டனர். அவர்களுள் சைமி அம்மையாரும் ஒருவர்.

இங்கே ஒரு சொல்லைக் குறித்துச் சொல்லிவிடுகிறேன். அம்மையார் ஓயாது பேசியதும் எழுதியதும் ‘அக்கவுண்டபிலிடி’ என்பதைப் பற்றியே. தமிழில் ‘பொறுப்பு’ என்றால் பாதிப் பொருளே கிடைக்கிறது. அரபியில் ‘முஹாஸபா’ என்றொரு சொல் உண்டு. ஹிஸாப் என்னும் கணக்கும் அதுவும் ஒரே வேரில் பிறந்தவை. கடைத்தெருவில் தராசையும் படிக்கல்லையும் சோதித்த ‘முஹ்தஸிப்’ என்ற பழைய அதிகாரியின் பெயரும் அந்த வேரில் முளைத்ததே. கணக்குக் கேட்பதும் கணக்குக் கொடுப்பதும் அச்சொல்லில் ஒருங்கே அடங்கும். அம்மையார் வேண்டியது இதுவே. காவலரை நான் நடத்துகிறேன் என்று அவர் சொல்லவில்லை. இன்னாரைக் கைது செய், இன்னாரை விடு என்று ஆணையிடும் உரிமையையும் அவர் கோரவில்லை. செய்தபின் வந்து, ஏன் செய்தாய் என்பதைச் செய்யப்பட்டவரின் பிரதிநிதிகள் முன்னே சொல் என்றார். எதிரிகள் அவரைக் காவல்துறையை அரசியல்வாதிகளின் கைக்குள் கொண்டுவரத் துடிப்பவர் என்று தூற்றினர். இந்த வேறுபாட்டை அறிந்தே அவர்கள் மறைத்தனரோ, அறியாமல் பேசினரோ!

1981 மே மாதத் தேர்தலில் மாவட்ட மன்றம் தொழிற்கட்சியின் வசமாயிற்று. அம்மையார் காவல் குழுவின் தலைவரானார். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து. பதவியேற்று இரண்டு திங்கள் கழிவதற்குள் அவருடைய சொந்த வட்டமே பற்றியெரிந்தது.

அந்த நெருப்பு ஒரே நாளில் மூண்டதன்று. டாக்ஸ்டெத் மக்களின் நினைவில் 1919ஆம் ஆண்டு ஜூன் மாதம் அழியாமல் இருந்தது. முதல் உலகப் போர் முடிந்து வேலையின்மை பெருகிய அந்நாளில், கறுப்பினக் கப்பல் தொழிலாளர்மீது வெள்ளையர் கும்பல்கள் பாய்ந்தன. சார்ல்ஸ் வூட்டன் என்ற இளைஞர் துறைமுகத்தை நோக்கி விரட்டப்பட்டார். அவரைப் பிடித்த காவலரின் கையிலிருந்தே கும்பல் அவரைப் பறித்தது. நீரில் வீழ்ந்தவர்மீது கல்லெறிந்தது. அவர் மூழ்கி இறந்தார். அக்கொலைக்காக ஒருவரும் கைது செய்யப்படவில்லை. பின்னாளில் அப்பகுதி மக்கள் தாம் அமைத்த கல்வி நிலையம் ஒன்றுக்கு அவர் பெயரையே சூட்டினர். இந்நினைவோடு, 1970களில் துறைமுகத் தொழில் நசிந்தது. 1981இல் டேட் அண்ட் லைல் சர்க்கரை ஆலையும் மூடப்பட்டது. வேலையற்று வீதியில் நின்ற இளைஞரைச் சந்தேகத்தின் பேரில் நிறுத்திச் சோதிப்பது அன்றாட வழக்கமாயிற்று.

ஜூலை 3, வெள்ளிக்கிழமை மாலை. செல்போர்ன் வீதியில் ஓர் இளைஞரைக் காவலர் பிடிக்க முயன்றனர். கூட்டம் சேர்ந்தது, கைகலப்பு மூண்டது. அடுத்த இரு நாட்களில் அது பெருங்கலவரமாயிற்று. கற்களும் பெட்ரோல் குண்டுகளும் பறந்தன. ரியால்டோ கட்டடமும் ராக்கெட் கிளப்பும் எரிந்தன. முதியோர் மருத்துவமனை ஒன்றிலிருந்து நோயாளிகளை இரவோடிரவாக வெளியேற்ற நேர்ந்தது. ஜூலை 6, திங்கட்கிழமை விடிவதற்கு முன்னர்க் காவலர் சி.எஸ். கண்ணீர்ப் புகையைப் பிரயோகித்தனர். வட அயர்லாந்தில் அது பழகிப்போன ஆயுதம். பெரிய பிரிட்டன் தீவிலோ, கலவரக் கூட்டத்தின்மீது அது பயன்பட்டது அதுவே முதல்முறை. அதிலும், சுடப்பட்டவற்றுள் கதவுகளைத் துளைத்துச் செல்லும் வகைக் குண்டுகள் இருந்தன. அறைக்குள் பதுங்கியவனை வெளியேற்றுவதற்கென்று செய்யப்பட்டவை அவை. மனிதர்மீது சுடத்தக்கவை அல்ல. சிலர் அவற்றால் படுகாயமுற்றனர். கலவரத்தில் 468 காவலர் காயமடைந்தனர். சுமார் 500 பேர் கைதாயினர். எழுபது கட்டடங்கள் இடித்துத் தள்ளும் நிலைக்கு வந்தன. அம்மாத இறுதியில் மீண்டும் மூண்ட கலவரத்தில், டேவிட் மூர் என்ற கால் ஊனமுற்ற இளைஞர் காவல் வண்டி மோதி மாண்டார். அவ்வண்டியில் இருந்த இரு காவலர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர்.

இந்நாட்களில் காவல் குழுத் தலைவரின் நிலை என்ன? கண்ணீர்ப் புகையைப் பிரயோகிக்கும் முடிவு சீஃப் கான்ஸ்டபிளுடையது. அதற்குக் குழுவின் சம்மதம் தேவையில்லை. ஆனால் 1886ஆம் ஆண்டின் கலவர நஷ்டஈட்டுச் சட்டப்படி, கடை எரிந்தவருக்கும் வீடு இடிந்தவருக்கும் ஈடு கொடுக்கும் கடமை காவல் நிதியைச் சேர்ந்தது. அதாவது அந்தக் குழுவைச் சேர்ந்தது. விக்டோரியா மகாராணியின் காலத்தில் எழுதப்பட்ட அச்சட்டத்தின் தர்க்கம் தெளிவானது. ஊரின் அமைதியைக் காப்பது ஊராரின் கடமை; காக்கத் தவறினால் நஷ்டத்தையும் ஊராரே ஏற்கவேண்டும். காவல் ஊராரின் கையில் இருந்த காலத்திற்கு அது பொருந்தும். 1981இல் கை போயிருந்தது, கடன் மட்டும் நின்றது.

அம்மையார் வாய்மூடி இருக்கவில்லை. இத்தகைய வாழ்க்கையை விதித்தபின்னும் கொதித்தெழாதிருந்தால்தான் அம்மக்களை அறிவிலிகள் எனக் கருதவேண்டியிருக்கும் என்ற பொருள்பட அவர் பேசினார். பத்திரிகைகள் சீறின. நானூறுக்கு மேற்பட்ட காவலர் அடிபட்டுக் கிடக்கும் வேளையில், அவர்களுடைய சம்பளத்திற்கு ஒப்பமிடும் குழுவின் தலைவர் பேசத்தக்க பேச்சா அது என்று கேட்டவர் பலர். காலம் அறிந்து பேசியதன்று அது என்றே எனக்கும் தோன்றுகிறது. அடிபட்ட கான்ஸ்டபிளும் கூலிக்கு உழைக்கும் வீட்டுப் பிள்ளைதான். ஆனால் அந்தத் தெருக்களின் வாசற்படிகளில் நின்று வாக்குக் கேட்டு, பதினெட்டு ஆண்டுகள் அவற்றின் குறைகளைச் சுமந்து நகர்மன்றத்திற்கு நடந்தவர் அவர் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கலவரம் வந்துதான் டாக்ஸ்டெத் என்ற பெயரையே அறிந்துகொண்டவர்கள் அவருக்கு நாவடக்கம் கற்பித்தார்கள்.

லிவர்பூல் 8 பாதுகாப்புக் குழு என்ற பெயரில் திரண்ட அப்பகுதி மக்கள், ஆக்ஸ்ஃபோர்டைப் பதவி நீக்கம் செய்க என்று ஆகஸ்டில் ஊர்வலம் நடத்தினர். அம்மையாரால் அதைச் செய்ய இயலாது. உள்துறை அமைச்சரின் இசைவின்றி ஒரு சீஃப் கான்ஸ்டபிளை ஓய்வுபெறச் செய்யும் அதிகாரம் எந்தக் குழுவுக்கும் இல்லை. காவலரின் பார்வையில் அவர் பகைவர். மக்களில் ஒரு சாராரின் பார்வையில் கையாலாகாதவர். இரண்டு பழியையும் சுமந்துகொண்டு அவர் தம்மிடமிருந்த ஒரே கருவியை எடுத்தார். மூடிய அறையில் நடந்த பேச்சை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தார். அறிக்கை கேட்டார். தராதபோது, தரவில்லை என்பதையே ஊரறியச் செய்தார். வட்டந்தோறும் மக்களும் காவலரும் எதிரெதிரே அமர்ந்து பேசும் மன்றங்களை ஏற்படுத்த முனைந்தார். தலைவரும் அதிகாரியும் ஒருவரையொருவர் சலிக்கச் சலிக்க எதிர்த்தனர். ஆனால் ஒருவரோடொருவர் பேசுவதை விட்டுவிடவில்லை.

பிரிக்ஸ்டன் கலவரத்தை விசாரித்த ஸ்கார்மன் பிரபு 1981 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில், உள்ளூர் மக்களின் கருத்தைக் காவல்துறை கேட்டறிவதைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும் என்றார். 1984ஆம் ஆண்டின் சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவு எழுதப்பட்டது. கேட்டறிவது என்றுதான் அதில் இருந்தது. பதில் சொல்வது என்றில்லை.

அதே 1984இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மூண்டது. லண்டனில் ஸ்காட்லாந்து யார்டிலிருந்த ஒரு நிலையம் நாட்டின் காவற்படைகளை அங்குமிங்கும் அனுப்பிற்று. மெர்சிசைடு காவலரும் போயினர். எத்தனை பேர், எத்தனை நாள், எவர் செலவில் என்பதைக் காவல் குழுக்கள் பில் வந்தபின் அறிந்தன. தெற்கு யார்க்‌ஷயர் குழு தன் சீஃப் கான்ஸ்டபிளின் செலவுரிமையைச் சுருக்கப் பார்த்தது. அரசு நீதிமன்றத்தை நாடவே பின்வாங்கிற்று. அப்பத்தாண்டின் பிற்பகுதியில், நார்தம்ப்ரியா காவல் குழு தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. காவல் குழு வேண்டாம் என்றாலும், பிளாஸ்டிக் குண்டுகளையும் கண்ணீர்ப் புகையையும் சீஃப் கான்ஸ்டபிளுக்கு உள்துறை அமைச்சர் நேரே வழங்கலாம் என்பதே அது. டாக்ஸ்டெத்தில் அம்மையார் எழுப்பிய கேள்விக்குச் சட்டம் கொடுத்த விடை அதுவாயிற்று.

அதற்குள் அம்மையாரின் பதவியும் போயிருந்தது, வாக்காளர் நீக்கவில்லை. தாட்சர் அம்மையாரின் அரசு மெர்சிசைடு உட்பட ஆறு பெருநகர மாவட்ட மன்றங்களையும் லண்டன் பெருமன்றத்தையும் 1986 மார்ச் 31ஆம் நாளோடு கலைத்தது. மன்றமே இல்லையெனில் குழுவேது, தலைவரேது? எண்பது வயதில் வீடு திரும்பியவர் எழுதத் தொடங்கினார். 1988இல் வெளிவந்த ‘டெமாக்ரசி ரீடிஸ்கவர்டு’ என்ற நூல் அவ்வைந்தாண்டு அனுபவத்தின் கணக்கு. மறு ஆண்டு, நகர்மன்றத்தின் வேண்டுகோளின் பேரில் கிஃபர்டு பிரபு தலைமையில் நடந்த விசாரணை, டாக்ஸ்டெத்தில் நிலவிய இனப்பாகுபாட்டையும் காவலர் நடத்தையையும் கடுமையாகச் சாடிற்று. அம்மையார் ஆண்டுதோறும் கூறிவந்தவற்றுள் பல அதில் இருந்தன. 2004இல், 98ஆம் வயதில், அவர் காலமானார்.

அவருக்குப் பின்னும் அந்நாடு இக்கேள்வியைச் சுற்றியே வந்துகொண்டிருக்கிறது. 1994இல் குழுக்களைச் சிறியனவாக்கி, தேர்ந்தெடுக்கப்படாத உறுப்பினர்களையும் சேர்த்தனர். 2012இல் குழுவே வேண்டாம், மக்கள் தேர்ந்தெடுக்கும் ஒரே ஆணையர் போதும் என்றனர். அவ்வாண்டு நவம்பரில் நடந்த முதல் தேர்தலில் வாக்களித்தவர் நூற்றுக்குச் சுமார் 15 பேர். வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் ஒரு வாக்குச்சாவடிக்கு ஒருவர்கூட வரவில்லை! ஆணையருக்குச் சீஃப் கான்ஸ்டபிளை நீக்கும் அதிகாரமும் கிடைத்தது. சைமி அம்மையார் கேட்டதைவிட மிக அதிகம் அது. ஆனால் ஒரு வட்டத்தின் சந்துபொந்துகளை அறிந்த பிரதிநிதி மாவட்டக் காவலின் தலைவரை நேருக்கு நேர் பார்த்து ஏன் என்று கேட்கும் இடம் அதில் சுருங்கிற்று. இலட்சக்கணக்கான பேருக்கு ஒருவர் எத்தனை வாசற்படிகளில் நிற்க இயலும்? 2025 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு, 2028 மே மாதத்தோடு ஆணையர் பதவியை ஒழிப்பதாக அறிவித்தது. மேயர் உள்ள வட்டாரங்களில் அப்பணி மேயரிடமும், மேயர் இல்லாத இடங்களில் உள்ளாட்சி மன்றத் தலைவர்கள் கூடிய குழுவிடமும் சேரும் என்பது அந்த அறிவிப்பு.